பேரீச்சம்பழத்துக்குப் போடும் முன்: தென்னாப்பிரிக்காவில் ஓடாத காரை விற்பதற்கான காகித வேலை

இந்த நாட்டில் என் முதல் கார் ஒரு வெள்ளை டொயோட்டா டாஸ். டர்பனுக்குத் தெற்கே புராஸ்பெக்டன் தொழிற்சாலையில் 1996 முதல் 2006 வரை செய்த வண்டி. டர்பனின் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இன்றைக்கும் தெருவுக்கு ஒன்று நிற்கும். நான் வாங்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது. ஒருநாள் மரியன்ஹில் சுங்கச்சாவடிக்கு முந்தைய ஏற்றத்தில் கொதித்து நின்றது. எஞ்சின் ஹெட் விரிசல் விட்டுவிட்டது, சரிசெய்யும் பணத்தில் இன்னொரு டாஸ் வாங்கலாம் என்றார் மெக்கானிக்.

காயலான் கடைக்காரர் ஒருவர் இழுவை வண்டியோடு வந்தார். 4,500 ராண்டைக் கையில் கொடுத்தார். பதிவுச் சான்றிதழை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு மஞ்சள் படிவத்தை நீட்டி, “இங்கே கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம்” என்றார். ஊரில், இந்தியாவில், வண்டியின் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் வெற்றுக் கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் கொடுத்துப் பழகிய கை. யோசிக்காமல் போட்டுவிட்டது.

பதினான்கு மாதம் கழித்து வேகக் கேமரா நோட்டீஸ் ஒன்று வந்தது. படத்தில் ஒரு வெள்ளை டாஸ், அதில் என் வண்டியின் எண் பலகை. ஆனால் என் வண்டியின் பின்கதவில் இருந்த நசுங்கல் படத்தில் இல்லை. பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், கணினியில் வண்டி இன்னும் என் பெயரில்தான் இருந்தது. கட்டாத உரிமக் கட்டணமும் அதன்மேல் அபராதமும் சேர்ந்துகொண்டிருந்தன.

வண்டி வாசலை விட்டுப் போவது ஒன்று, பெயரை விட்டுப் போவது வேறு. இங்கே இரண்டாவது நடந்தால்தான் விற்றதாகக் கணக்கு. புதிதாக இந்த நாட்டுக்கு வந்து, முதல் காரை ஓட்டித் தேய்த்து, அதைக் கழிக்க வேண்டிய கட்டத்துக்கு வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். இப்படிப்பட்ட வண்டியை இங்கே ஸ்கோரோகோரோ என்பார்கள். அது ஓடும்போது எழும் சத்தத்தையே பெயராக வைத்ததுபோல் இருக்கும்.

முதல் வேலை: பதிவுச் சான்றிதழை எடுத்துப் படியுங்கள்

வாங்கிய நாளில் அலமாரியில் வைத்ததோடு பெரும்பாலோர் அதை மறந்துவிடுகிறோம். எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு பேர் குறிக்கப்பட்டிருப்பார்கள்: உரிமை வைத்திருப்பவர் ஒருவர், உடைமையாளர் மற்றவர். சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தால் இரண்டு இடத்திலும் உங்கள் பெயரே இருக்கும். கடனில் வாங்கியிருந்தால் உரிமை வைத்திருப்பவர் வங்கி, நீங்கள் வெறும் உடைமையாளர். கடன் முடிந்து ஆண்டுகள் ஆகியிருந்தாலும், உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றியிருக்காவிட்டால் காகிதத்தில் வண்டி வங்கியுடையதுதான். வங்கியிடம் கடன் தீர்ந்ததற்கான கடிதமும் மூலச் சான்றிதழும் வாங்காமல் அடுத்த அடி வைக்க முடியாது. இதற்கு நாளாகும். ஆகவே காயலான் கடைக்காரரிடம் பேசும் முன்பே வங்கிக்குத் தொலைபேசுங்கள்.

சான்றிதழில் உள்ள பதினேழு எழுத்தும் இலக்கமும் கொண்ட வின் எண்ணையும் (வண்டியின் தனி அடையாள எண்) எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும், ஆண்டு உரிமத்துக்கான வட்டச் சீட்டான உரிம டிஸ்க்கிலும் இவை இருக்கும். இடையில் யாராவது எஞ்சினை மாற்றி, அதைப் பதியாமல் விட்டிருந்தால், அந்தச் சிக்கல் இப்போதே தெரிந்துவிடும். அதே சான்றிதழில் வாகனப் பதிவேட்டு எண் என்று ஒன்றும் இருக்கும். எண் பலகையில் இருப்பது வேறு, இது வேறு. புதியவர்கள் படிவத்தில் இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிட்டுத் திரும்பி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ் தொலைந்துவிட்டதா? டி.சி.டி. என்னும் படிவத்தில் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணம் உண்டு. “சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வாங்குபவர் சொன்னால், அவர் எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

உங்கள் அடையாளம்: இங்கேதான் நாம் மாட்டுவோம்

தென்னாப்பிரிக்க அடையாள அட்டை இருப்பவர்களுக்குச் சிக்கலில்லை. வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பாஸ்போர்ட் மட்டும் போதாது, போக்குவரத்துப் பதிவு எண் வேண்டும். ஏ.என்.ஆர். என்ற படிவத்தில் விண்ணப்பித்து வாங்குவது அது. கார் உங்கள் பெயரில் இருக்கிறதென்றால் அந்த எண்ணும் உங்களுக்கு இருக்கிறது. வாங்கும்போது விற்பனைக்காரர் எடுத்துக் கொடுத்திருப்பார், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பழைய கோப்பில் தேடுங்கள். இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் பழையதையும் கையோடு கொண்டுபோங்கள், ஏனென்றால் கணினியில் இருப்பது பழைய எண்ணாக இருக்கலாம். நிரந்தர வசிப்புரிமை கிடைத்து அடையாள எண் வாங்கியவர்கள், கார் எந்த எண்ணின்கீழ் கிடக்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முகவரிச் சான்று மூன்று மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும். நகராட்சியின் தண்ணீர், மின்சார பில் போதும். வாடகை வீட்டில் பில் வீட்டுக்காரர் பெயரில் வரும். அப்போது அவரிடமிருந்து ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள். பிரமாணப் பத்திரமும் நகல்களுக்கு மெய்ச்சான்றும் எந்தக் காவல் நிலையத்திலும் இலவசமாகச் செய்து தருவார்கள். காலை எட்டு மணிக்கு முன் போனால் கூட்டம் இருக்காது. பேனாவை நீங்களே கொண்டுபோங்கள்.

இறந்தவரின் கார்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே வீட்டுப் பின்புறங்களில் துருப்பிடித்து நிற்கும் கார்களில் பாதி, போய்ச் சேர்ந்த தாத்தாக்களுடையவை. என் பக்கத்து வீட்டு அக்காவின் அப்பா வைத்திருந்த டாட்சன் அப்படித்தான் எட்டு ஆண்டு நின்றது. அவர் சாவியைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை. அக்கா அதை விற்க நினைத்தபோது, “நான்தானே ஒரே மகள், நானே கையெழுத்துப் போட்டால் ஆகாதா?” என்றார். ஆகாது. இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் கொடுத்த அதிகாரக் கடிதம் வேண்டும். சொத்து மதிப்பு 2,50,000 ராண்டுக்குள் இருந்தால் ஜே 170 என்னும் கடிதம், அதற்கு மேல் என்றால் ஜே 238 என்னும் நிறைவேற்றாளர் கடிதம். அதில் பெயர் இருப்பவர்தான் விற்பனைப் படிவத்தில் கையெழுத்துப் போடலாம். இறந்தவரின் கையெழுத்தைத் தாங்களே போட்டுவிடும் குடும்பங்களும் உண்டு. அது கள்ளக் கையெழுத்து. துருப்பிடித்த இரும்புக்காக அந்த வம்பு வேண்டாம்.

விற்பதா, பதிவையே நீக்குவதா?

பலருக்குத் தெரியாத இடம் இதுதான். உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

வண்டியை வண்டியாகவே இன்னொருவர் பெயருக்கு விற்பது முதல் வழி. அதற்கு என்.சி.ஓ. என்னும் உரிமை மாற்ற அறிவிப்புப் படிவம். எல்லோரும் மஞ்சள் படிவம் என்று சொல்வது இதைத்தான். வாங்குபவர் தன் பங்குக்கு ஆர்.எல்.வி. படிவத்தில் 21 நாட்களுக்குள் தன் பெயரில் பதிந்துகொள்ள வேண்டும். பழுது பார்த்து ஓட்டப் போகிறவருக்கு விற்கிறீர்கள் என்றால் இதுவே வழி. சாலையில் ஓடத் தகுதி உண்டு என்ற சான்று இல்லாமல் அவரால் உரிமம் வாங்க முடியாது, ஆனால் அது அவர் கவலை.

இரண்டாவது வழி, வண்டி இனிச் சாலைக்கு வராது என்று அறிவித்து ஏ.டி.வி. படிவத்தில் பதிவை நீக்குவது. இங்கே வண்டிகளுக்குக் குறியீடு உண்டு. புதியது 1, கை மாறியது 2, சிதைந்து மறுபடி கட்டப்பட்டது 3. உதிரிபாகத்துக்கு மட்டும் உதவும், வண்டியாக ஓட்டத் தகுதியில்லை என்பது 3ஏ. முற்றிலும் உடைக்கப்பட்டது 4. நான்காம் குறியீடு விழுந்தால் அந்த வின் எண் மறுபடி சாலையில் பிறக்கவே முடியாது.

என் கருத்து இது. காயலான் கடைக்கோ உதிரிபாகக் கடைக்கோ போகும் வண்டி என்றால், முடிந்தவரை நீங்களே பதிவை நீக்கிவிட்டுக் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையும், ஏனென்றால் பதிவோடு இருக்கும் வண்டியின் காகிதத்துக்கே சந்தையில் ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். எங்கோ திருடிய ஒரு டாஸுக்கு உங்கள் டாஸின் எண்ணைப் போட்டு ஓட்டுவதற்கு. என் நோட்டீஸில் இருந்த வெள்ளை வண்டி அப்படி வந்ததுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த நசுங்கலை நான்தான் வீட்டுக் கேட்டில் இடித்து உண்டாக்கினேன். அதைத் தட்டி எடுத்துவிட்டு என் வண்டியையே யாரும் வெளியே கொண்டுவந்திருக்க மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாதுதான்.

எந்த வழியானாலும், வண்டி மேல் பாக்கி இருந்தால் கவுண்டரில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். “வண்டி இரண்டு வருடமாக நிற்கிறது, ஏன் கட்ட வேண்டும்?” என்ற வாதம் அங்கே எடுபடாது. டிஸ்க் காலாவதியானபின் 21 நாள் அவகாசம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதத்துக்கும் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அபராதம் ஏறும். ஓடுகிறதா நிற்கிறதா என்பதைக் கணினி பார்ப்பதில்லை. பதிவில் இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கும். ஆகவே ஓடாது என்று மெக்கானிக் கை விரித்த மாதமே இந்த வேலையைத் தொடங்குங்கள். “தீபாவளி கழியட்டும், காவடி கழியட்டும்” என்று தள்ளிக்கொண்டே போனால் இரும்பின் விலையைவிட அபராதம் அதிகமாகிவிடும்.

வாங்குபவர் யார் என்று பாருங்கள்

பழைய பொருள் வாங்கி விற்பவர்கள் 2009ஆம் ஆண்டின் பழைய பொருட்கள் சட்டத்தின்படி காவல் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். உலோகத்தை உருக்க வாங்குபவர்களுக்கும் அதே சட்டம். அந்தக் காவல் துறைப் பதிவின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் உங்கள் அடையாள அட்டையின் நகலைக் கேட்பார், முகவரியைப் பேரேட்டில் எழுதிக்கொள்வார், கையெழுத்து வாங்குவார். அது அவர் கடமை. எதுவுமே கேட்காமல் பணத்தை எண்ணுபவரிடம்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

நகலைக் கொடுக்கும்போது அதன்மேல் குறுக்காக, “இன்ன எண்ணுள்ள கார் விற்பனைக்கு மட்டும்” என்று தேதியோடு பேனாவால் எழுதிக் கொடுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இலேயே இயற்றப்பட்டிருக்கிறது. ஆனாலும் உங்கள் அடையாள நகல் எந்த மேசை இழுப்பறையில் கிடக்கும் என்று சட்டத்தால் சொல்ல முடியாது.

வரிப் பதிவுள்ள கடையென்றால் வாட் 264 என்ற வருவாய்த்துறைப் படிவத்திலும் உங்கள் கையெழுத்தைக் கேட்கலாம். பயப்பட வேண்டாம். வரிப் பதிவில்லாதவரிடம் பழைய பொருள் வாங்கியதற்காக அவர் தன் கணக்கில் கழிவு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆனால் அதில் எழுதியிருக்கும் விலை, உங்கள் கைக்கு வந்த விலைதானா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

விலை பேசும்போது ஒரு சிறு விஷயம். புகைக் குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பலேடியம் போன்ற உலோகங்கள் உண்டு. எடைக்கு விலை பேசும் கடைக்காரர் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். வண்டியில் அது இருக்கிறதா, மூலப் பாகமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள். இருந்தால் ரசீதில், “கன்வெர்ட்டர் உட்பட” என்று எழுதுங்கள்.

மஞ்சள் படிவத்தை நிரப்பும் விதம்

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இழுவை வண்டிக்காரர் எஞ்சினை அணைக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார், அடிக்கட்டும்.

வண்டியின் விவரங்கள் முதலில்: எண் பலகை எண், பதிவேட்டு எண், வின். வின் எண்ணைச் சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம். வின் எண்ணில் ஆங்கில ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’ ஆகிய எழுத்துகள் வராது. ஆகவே வட்டமாகத் தெரிவது சுழியம், கோடாகத் தெரிவது ஒன்று. பிறகு உங்கள் விவரம். அதற்குப் பிறகு வாங்குபவர் விவரம். இந்தப் பகுதியைத்தான் அவர்கள் வெற்றாக விடச் சொல்வார்கள். கடைக்காரர் வண்டியைப் பிறகு வேறு யாருக்கோ விற்று, அந்தப் பெயரை நேராக எழுதிவிட்டால் தன் பெயரே பதிவில் வராமல் தப்பித்துவிடலாம். அதனால் அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து நீங்களே எழுதுங்கள். நிறுவனம் வாங்குகிறது என்றால் அதன் வணிகப் பதிவு எண்ணும், கையெழுத்திடும் பொறுப்பாளரின் பெயரும் வேண்டும்.

விற்ற தேதியை எழுதுமிடத்தில் அன்றைய தேதி. அது போதாது என்று நான் நினைக்கிறேன். தனி ரசீதில் நேரத்தையும் எழுதுங்கள், “காலை 10.40” என்று. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த எண் பலகையோடு யாராவது ரோபோவைத் தாண்டிப் போய் மாட்டினால், அந்த ஒரு மணி இருபது நிமிடம் உங்களுக்கு உதவும். (இந்த ஊரில் சிக்னல் விளக்குக்கு ரோபோ என்று பெயர். முதல் வாரத்தில் நான் தெருவில் இயந்திர மனிதனைத் தேடினேன்.)

இருவரும் கையெழுத்திட்டபின் படிவத்தைக் கைப்பேசியில் படமெடுங்கள். முக்கியமானது இது: படிவத்தை அலுவலகத்தில் கொடுக்க வேண்டியவர் விற்றவர். வாங்கியவர் கையில் அதைக் கொடுத்து அனுப்பாதீர்கள். அவருக்குப் போவது மூலப் பதிவுச் சான்றிதழ். அதையும் இருபுறமும் நகலெடுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

ரசீதும் பணமும்

ரசீதுக்கு வார்ப்புரு எதுவும் தேவையில்லை. ஒரு வெள்ளைத் தாளில் இரு பிரதி எழுதினால் போதும். என் டாட்சன் அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி: “இன்ன எண், இன்ன வின் கொண்ட டாட்சன் காரை, ஓடாத நிலையில், உள்ளது உள்ளபடி, உதிரிபாகத்துக்காக, இன்ன பதிவு எண் கொண்ட கடைக்கு, 6,200 ராண்டுக்கு, இன்ன தேதி காலை இத்தனை மணிக்கு விற்றேன். மூலப் பதிவுச் சான்றிதழும் ஒரு சாவியும் ஒப்படைத்தேன். இந்த நேரத்துக்குப் பிறகு வண்டியால் வரும் அபராதங்களுக்கும் பொறுப்புகளுக்கும் வாங்கியவரே பொறுப்பு.” கீழே இரு கையெழுத்து, ஒரு சாட்சி. ‘ஓடாத நிலையில், உள்ளது உள்ளபடி’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். வாங்கியவர் மறுவாரம் வந்து கியர்பாக்ஸ் சரியில்லை என்று சண்டைக்கு நிற்க இடமிருக்காது.

பணம் வங்கி வழியாக வருவது நல்லது. அதுவே இன்னொரு சாட்சி. ஆனால் “அனுப்பிவிட்டேன், இதோ பாருங்கள்” என்று காட்டும் குறுஞ்செய்தியை நம்பி வண்டியை விடாதீர்கள். போலிச் செய்தி அனுப்புவது இங்கே ஒரு தொழில். உங்கள் கணக்கைத் திறந்து, இருப்பில் பணம் ஏறியிருப்பதை நீங்களே பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வேறொரு வங்கியிலிருந்து அனுப்பிய பணம் திங்கள்வரை வராமலும் போகலாம். அதனால் வார நடுவில் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி போகும் காலை

முந்தைய நாளே வண்டியைக் காலி செய்யுங்கள். கேட் ரிமோட், பெட்ரோல் அட்டை, இருக்கைக்கு அடியில் கிடக்கும் பில்கள். முகவரியுள்ள ஒரு பழைய உறையும் கேட் ரிமோட்டும் ஒன்றாகப் போனால் வீட்டுச் சாவியைக் கொடுத்ததற்குச் சமம். அக்காவின் அப்பா டாட்சனின் டேஷ்போர்டில் ஒரு சின்ன முருகன் படம் ஒட்டியிருந்தார். நாற்பது ஆண்டு வெயிலில் மயிலின் நிறமெல்லாம் போய், வேல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அக்கா வெண்ணெய்க் கத்தியை வைத்து ஓரம் ஓரமாகக் கிளப்பி எடுத்தார். அரை மணி ஆயிற்று. இழுவை வண்டி ஓட்டி வந்த ஸூலு இளைஞர் ஒரு வார்த்தை பேசாமல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

உரிம டிஸ்க்கைக் கிழித்தெடுங்கள். பதிவை நீக்கிய வண்டியென்றால் எண் பலகைகளையும் கழற்றி, இரண்டாக வெட்டிவிடுங்கள். சொந்த விருப்ப எண் வாங்கியிருந்தால் அது உங்களுடையது. வண்டியோடு போகவிடாமல் முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லி வேறு எண் போட வேண்டும்.

ஓடாத, உரிமம் காலாவதியான வண்டியை நீங்களே கடைவரை ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். அதற்கு மூன்று நாள் சிறப்பு அனுமதி என்று ஒன்று இருக்கிறது, ஆனால் பிரேக் இல்லாத வண்டிக்கு அது உதவாது. இழுவைச் செலவு யாருடையது என்பதை விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இழுவை வண்டிமேல் கார் ஏறி நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். இழுவை வண்டியின் எண்ணும் படத்தில் விழ வேண்டும். என்னைக் காப்பாற்றியது அப்படி ஒரு படம்தான். அதையும் நான் எச்சரிக்கையாக எடுக்கவில்லை, வண்டி போகிறதே என்ற துக்கத்தில் மனைவிக்கு அனுப்ப எடுத்தேன். அதில் நசுங்கலும் தெரிந்தது, தேதியும் இருந்தது, கடைக்காரரின் இழுவை வண்டி எண்ணும் இருந்தது. தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 73ஆம் பிரிவுப்படி, வேறு சான்று இல்லாதவரை வண்டியை ஓட்டியவர் அதன் உடைமையாளர் என்றே கொள்வார்கள். வேறு சான்றைக் கொண்டுவரும் வேலை நம்முடையது. காவல் நிலையத்தில் பிரமாணப் பத்திரம் எழுதி, படத்தை இணைத்து, அபராதத்தை எதிர்த்து மனு கொடுத்தேன். அபராதம் நீங்கியது. உரிமக் கட்டணப் பாக்கி நீங்கவில்லை, அதைக் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. 4,500 ராண்டில் மிஞ்சியது ஒரு நல்ல சாப்பாட்டுக்குத் தேறும்.

பதிவு அலுவலகத்தில்

அன்றே போங்கள், முடியாவிட்டால் மறுநாள். படிவம், அடையாளச் சான்று அல்லது போக்குவரத்துப் பதிவு எண் சான்று, பாஸ்போர்ட், முகவரிச் சான்று, பதிவுச் சான்றிதழின் நகல், ரசீது. பதிவை நீக்கப் போகிறீர்கள் என்றால் நகல் போதாது, மூலச் சான்றிதழே வேண்டும். ஆகவே அந்த வழியில் அலுவலகம் முதலில், கடை பிறகு. வண்டி எந்த நிலையில் இருக்கிறது, ஏன் இனி ஓடாது என்று ஒரு பிரமாணப் பத்திரமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு “சரி, போகலாம்” என்றால் போகாதீர்கள். தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகை ஒன்று கையில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். கணினி அன்று வேலை செய்யவில்லை என்று சொன்னால் இன்னொரு நாள் போக வேண்டியதுதான். படிவத்தை அவர்கள் மேசையில் விட்டுவிட்டு வருவது, எழுதாமலே இருப்பதற்குச் சமம்.

அதற்குப் பிறகு

இன்சூரன்ஸை ஒப்புகை வந்த பிறகே நிறுத்துங்கள், முன்னால் அல்ல. மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் போகும் பணம் என்பதால் மறந்துவிடுவீர்கள். எழுத்தில் நிறுத்தச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள். வண்டியில் கண்காணிப்புக் கருவி இருந்தால் அதன் ஒப்பந்தமும் அப்படியே. கருவியைக் கழற்ற வேண்டுமா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

வருமான வரியில், சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றதற்கு மூலதன ஆதாய வரி கிடையாது. தொழிலுக்குப் பயன்படுத்தி, தேய்மானக் கழிவு எடுத்திருந்தால் கதை வேறு. விற்ற விலையைக் கணக்கில் காட்ட வேண்டும், கணக்காளரிடம் ரசீதைக் கொடுத்துவிடுங்கள். வரி தொடர்பான காகிதங்களை, படிவம் தாக்கல் செய்ததிலிருந்து ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். வரியோடு தொடர்பில்லாவிட்டாலும் இந்தக் கோப்பை நான் அதே காலம் வைத்திருப்பேன்.

வேலை ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது காரை நண்பரின் வீட்டு வாசலில் விட்டு, “நீயே பார்த்து யாருக்காவது கொடுத்துவிடு” என்று கிளம்பிவிடுவார்கள். அந்த நண்பரால் அவர்கள் பெயரில் எந்தக் கையெழுத்தும் போட முடியாது. வேறு வழியில்லை என்றால், கிளம்பும் முன் உறுதிமொழி ஆணையர் முன்னிலையில் அதிகாரப் பத்திரம் எழுதி, பாஸ்போர்ட்டின் மெய்ச்சான்று பெற்ற நகலோடு அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

விற்று ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை அலுவலகத்துக்குப் போங்கள். வாங்கியவருக்கு இருந்த 21 நாள் முடிந்திருக்கும். உங்கள் பெயரில் என்னென்ன வண்டிகள் இருக்கின்றன என்று கேளுங்கள். டாட்சனுக்காக நானும் அக்காவும் அப்படிப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் அப்பாவின் அடையாள எண்ணைத் தட்டினார், திரையைப் பார்த்தார், இன்னொருமுறை தட்டினார். “ஒன்றும் இல்லை” என்றார். அக்கா அதை எழுத்தில் கேட்டார்.